இருபது கிராம்

(குறைமாதக் குழந்தைகள் தினமான நவம்பர் 17 அன்று வேலூரில் நடந்த நன்றிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

மேடையில் இருக்கும் மருத்துவர்களே, அழைத்தும் மேடைக்கு வராமல் சுவரோரம் நிற்கும் சிஸ்டர்களே, கதவருகே நிற்கும் ஆயாம்மாக்களே, என்னைப் போல வராந்தாவில் பாய் விரித்துப் படுத்த குடும்பத்தாரே, வணக்கம்.

நான் குடியாத்தத்துக்காரன். ரேஷன் கடையில் 31 ஆண்டுகள் எடை போட்டவன். என் தராசில் 20 கிராம் என்பது ஒரு கணக்கே இல்லை. தட்டில் ஒட்டிக்கொண்டு போவது அது. சிரிக்கிறீர்கள். எங்கள் தெருக்காரர்கள் யாராவது வந்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். அந்த 20 கிராமுக்காக ஒரு நாள் காலை இதே ஊரில் நான் துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதேன்.

என் பேத்தி 29ஆவது வாரத்தில் பிறந்தாள். எடை 1,120 கிராம். 'ஏழாம் மாதக் குழந்தை தங்கிவிடும், எட்டாம் மாதம் பிறந்தால்தான் தங்காது' என்று ஊரில் தேற்றினார்கள். வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபமே என்று இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன். பிறந்த எடையும் இறங்கி 1,030இல் நின்றது. ஒன்பதாம் நாள் 1,050. அன்றைக்குத்தான் அழுதேன். 'ஏறிவிட்டது தாத்தா' என்று சொன்ன சிஸ்டரின் கண்ணும் சிவந்திருந்தது. இரவுப் பணி முடிந்த கண் என்று நினைத்துக்கொண்டேன்.

அது அக்னி நட்சத்திரம். வேலூர் வெயிலைப் பற்றி வேலூரில் பேச வேண்டாம். வெளியே நான் நனைத்த துண்டைத் தலையில் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே என் பேத்திக்குக் குளிர்கிறது என்று கண்ணாடிப் பெட்டியில் வைத்துச் சூடு கொடுக்கிறார்கள்! கடைசி மாதங்களில்தான் தோலுக்கடியில் கொழுப்பு நன்றாகச் சேரும், இவளுக்கு அது சேரவில்லை, தோலும் வெங்காயச் சருகு மாதிரி, உடம்புச் சூடு நிற்காது என்று விளக்கினார்கள். அதே கேள்வியை நான் மூன்று நாள் கேட்டேன். மூன்று நாளும் முதல்முறை கேட்டவனுக்குச் சொல்வது போலவே பதில் வந்தது. ரேஷன் கடையில் 'பாமாயில் எப்போது வரும்' என்று இரண்டாம் முறை கேட்டவர்களுக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பது எனக்குத் தெரியும்.

இத்தனை சிறிய குழந்தை சில சமயம் மூச்சு விடவே மறந்துவிடும். கருவியில் மணி அடிக்கும். நாங்கள் பதறி எழுவதற்குள் சிஸ்டர் அவள் பாதத்தை விரலால் லேசாகச் சுண்டுவார். அவளும் 'சரி, சரி' என்பது போல மூச்சை இழுத்துக்கொள்வாள்.

பால் முதலில் குழாய் வழியாகப் போனது, ஒரு மில்லி, இரண்டு மில்லி என்று. உறிஞ்சுவதும் விழுங்குவதும் மூச்சு விடுவதும் ஒன்றுக்கொன்று இசைந்துவர ஏறக்குறைய 34 வாரம் ஆகுமாம். அதற்குமுன் ஒரு நாள் பாலாடையை எடுத்தார்கள். நம் வீட்டுப் பரணில் கிடக்கும் அதே மூக்கு நீண்ட பாலாடைதான். மருத்துவக் கட்டுரைகளில்கூட அதன் பெயர் பாலாடையே என்று கேட்டபோது எனக்குக் கொஞ்சம் கர்வம் வந்தது. என் மனைவிக்கு அதைவிடக் கர்வம். நான்கு பிள்ளைகளுக்குப் புகட்டிய கை. ஆனால் சிஸ்டர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். 'ஊற்றாதீர்கள் அம்மா, உதட்டோரம் வைத்துக் காத்திருங்கள், அவளே எடுத்துக்கொள்வாள்.' ஐந்து மில்லி பாலுக்கு 20 நிமிடம். வெளியே எத்தனை வேலை காத்திருந்தாலும் அந்த 20 நிமிடமும் அவர் பக்கத்திலேயே குனிந்து நின்றார்.

மருமகளுக்குக் காய்ச்சல், மகனுக்கு ஆம்பூர்த் தொழிற்சாலையில் ஷிப்ட். 'தாத்தா, சட்டையைக் கழற்றுங்கள்' என்றார்கள். 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், பெட்டிகள் போதாத மருத்துவமனையில் தொடங்கிய கங்காரு முறை; குழந்தையை வெற்று மார்போடு அணைத்து நம் உடம்புச் சூட்டிலேயே வைத்திருப்பது. தாய்தான் முதல்; அவரால் முடியாதபோது வீட்டார் யாரானாலும் சரி. மோதிரத்தைக் கழற்றி, முழங்கைவரை சோப்புப் போட்டு, நரைத்த மார்பைத் திறந்து உட்கார்ந்தேன். மூட்டை தூக்கிக் காய்த்த உடம்பில் அவளைத் தவளைக்குட்டி போல ஒட்டவைத்துத் துணியால் கட்டினார்கள். ஒரு மணி நேரம் நான் இருமக்கூட இல்லை.

இந்த ஊருக்கு இந்தக் கைப்பக்குவம் நேற்று வந்ததல்ல. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைக் கண்டு மருத்துவம் படிக்கப் போன ஐடா ஸ்கடர், 1909இலேயே இங்கே செவிலியர் பயிற்சியைத் தொடங்கிவிட்டார்.

47ஆம் நாள் 1,840 கிராமோடு வீட்டுக்குப் போனோம். மருத்துவருக்குப் பொன்னாடை போர்த்தினேன், மற்றவர்களுக்கு இனிப்புப் பெட்டி கொடுத்தேன், கிளம்பிவிட்டேன். குடியாத்தம் பஸ்ஸில் ஏறிய பிறகுதான் உறைத்தது: தினமும் நான்கு முறை தரையைத் துடைத்து, எங்கள் செருப்பைக் கதவுக்கு வெளியிலேயே நிறுத்தி, கை கழுவாமல் நுழையப் பார்த்த என்னை ஒரு நாள் அதட்டித் துரத்திய ஆயாம்மாவுக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை. கிருமியை வாசலில் மறித்தவர் அவர். அன்று எனக்குக் கோபம் வேறு வந்தது.

இந்தப் பையில் ஒரு பொன்னாடை இருக்கிறது. விசாரித்தேன், அவர் இப்போது உள்ளே பணியில் இருக்கிறாராம், இரண்டு மணிக்குத்தான் வருவாராம். பேத்தியைத் தூக்கிக்கொண்டு அந்த வராந்தாவிலேயே உட்கார்ந்திருக்கிறேன். செருப்பை வெளியிலேயே விட்டுவிடுகிறேன்.