மரம் தந்த பெயர், ஏரி தந்த பெயர்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

தமிழ்நாட்டு ஊர்களுக்குப் பெயர் தந்தது மன்னரும் கோயிலுமா, மண்ணும் நீருமா? இதுதான் இன்றைய வழக்கு. எனக்கு முன்னால் பேசிய நண்பர் கங்கைகொண்ட சோழபுரத்தை எடுத்து வைத்துவிட்டு, 'இதற்கு மேலும் சான்று வேண்டுமா?' என்று கேட்டு அமர்ந்தார். கைத்தட்டலும் வாங்கினார். நான் அந்த ஊருக்கே வருகிறேன்.

கங்கை வரை படை சென்ற வெற்றியின் நினைவாக இராசேந்திர சோழன் அங்கே மாபெரும் ஏரி ஒன்றை வெட்டினான். சோழகங்கம் என்று பெயரிட்டான். நீரால் ஆன வெற்றித்தூண் என்று செப்பேடு அதைப் புகழ்கிறது. ஆனால் ஊரார் அதைப் பொன்னேரி என்றே அழைக்கிறார்கள். மன்னன் வைத்த பெயர் செப்பேட்டோடு நின்றுவிட்டது. மக்கள் வாயில் ஏரி நிலைத்துவிட்டது. அந்தச் செப்பேடாவது எந்த ஊர்ச் செப்பேடு? திருவாலங்காட்டுச் செப்பேடு. ஆலங்காடு, நடுவர் அவர்களே! சோழனின் வெற்றியைக் காத்துக் கொடுத்ததே ஆலமரக் காட்டின் பெயர் சுமந்த ஊர்தான்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இராசராசபுரம் என்று ஓர் ஊர் இருந்தது. எவ்வளவு கம்பீரமான பெயர்! நாக்கில் தேய்ந்து தேய்ந்து தாராசுரம் ஆகிவிட்டது. அதே காவிரி நாட்டில், அப்பர் பாடிய ஐயாறு இன்றும் திருவையாறுதான். ஏன் தேயவில்லை? பொருள் கண்ணெதிரே ஓடுகிறதே, எப்படித் தேயும்?

அடுத்து வந்த அம்மையார், கோயில்தான் ஊருக்குப் பெயர் தந்தது என்று சிதம்பரத்தைக் காட்டினார். சிதம்பரத்தின் பழம்பெயர் தில்லை. தில்லை ஒரு மரம், அம்மா. நகருக்குள் அந்தக் காடு இன்று இல்லை. பிச்சாவரத்தில் படகேறிப் போனால், உப்பங்கழி ஓரத்தில் நிற்கிறது. தடித்த, பளபளப்பான இலை. ஒடித்த இடத்தில் வெள்ளை வெளேரென்று பால் கசிகிறது. நான் தொடப் போனபோது படகோட்டி பதறித் தடுத்தார்: "கண்ணில் பட்டால் பார்வை போய்விடும், அம்மா!" அந்த மரத்தின் பெயரைச் சேர்த்துத்தான் ஆடல்வல்லானைத் தில்லைக் கூத்தன் என்கிறோம். ஊருக்கு மட்டுமா, இறைவனுக்கே பெயர் தந்திருக்கிறது ஒரு மரம்!

முதுகுன்றத்தை வடமொழியில் விருத்தாசலம் ஆக்கினார்கள். மொழிதான் மாறியது, குன்று அப்படியே இருக்கிறது.

நான் 'ஏந்தல்' என்று முடியும் ஒரு சிற்றூரில் பிறந்தவள். ஏந்தல் என்றால் மழைநீரை ஏந்தி வைக்கும் சிறிய ஏரி. வேடந்தாங்கல், பழவந்தாங்கல் என்கிறோமே, அந்தத் தாங்கலும் நீரைத் தாங்கும் ஏரிதான். ஏரி நிரம்பினால் மிகுநீர் வெளியேறும் கலிங்கில் தண்ணீர் வழியும் ஓசை கேட்ட பிறகுதான் என் பாட்டி விதைநெல்லை ஊறவைப்பார். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஊரின் பெயருக்குப் பொருள் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அப்படிப்பட்டவர்கள் வாயில் பிறந்த பெயர்களுக்காகத்தான் நான் இந்த மேடையில் நிற்கிறேன்.

'அதெல்லாம் பழங்கதை, இன்றைக்கு என்ன பயன்?' என்று எதிரணியில் ஒருவர் கேட்டார். சென்னை மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. ஏரி எங்கே? 1920-களில் தியாகராய நகர் எழுந்தபோது அந்த ஏரி மறையத் தொடங்கிவிட்டது. 2015 டிசம்பர் பெருமழையில் அந்தப் பகுதியில் என் அக்காள் வீட்டு மாடியில் இரண்டு இரவு அடைபட்டிருந்தேன். கீழே முழங்காலளவு தண்ணீர். மாவு டப்பா மிதந்து சுவரில் முட்டிக்கொண்டே இருந்தது. விடிந்ததும் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். வாசலுக்கும் தெருவுக்கும் வேற்றுமை தெரியாமல், கண்ணுக்கு எட்டிய வரை ஏரி கிடந்தது.

நடுவர் அவர்களே, அந்தத் தெருவின் பெயரை எந்த மன்னர் வைத்தார்?