கணவருக்கு லுட்டீஷியம் ஊசி போட்டாச்சு... முதல் ரெண்டு நாள் பாத்ரூம்ல நடக்க வேண்டியது இதுதான்!

(திரையில்: மூடி போட்ட வெஸ்டர்ன் டாய்லெட், அதுமேல மஞ்சள் கதிர்வீச்சுச் சின்னம்)

உங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வர்றார். அவர் உடம்புல இருந்து கதிர்வீச்சு வெளிய வந்துட்டிருக்கு. அவர் போற ஒண்ணுக்குலயும் கதிரியக்கம் இருக்கு. நிஜமாவே, அளக்குற கருவியைப் பக்கத்துல வச்சா கத்தும். அப்போ அவர் பக்கத்துல உட்காரலாமா? லுங்கியைத் துவைக்கலாமா? பேரன் ஓடி வந்து மடியில ஏறினா?

வணக்கம் மக்களே! முத்தின புராஸ்டேட் புற்றுநோய்க்குக் கொடுக்கிற லுட்டீஷியம்-177 சிகிச்சை பத்தின வீடியோ இது. குறிப்பா மனைவிமாருக்கு. ஆம்பளைக்கு வர்ற நோய்க்கு எதுக்குப் பொம்பளைக்கு வீடியோன்னு கேட்கப் போறவங்க, உங்க மாத்திரை டப்பாவை வீட்டுல யார் நிரப்புறாங்கன்னு பார்த்துட்டு வந்து காமெண்ட் போடுங்க.

பின்னணியைச் சட்டுன்னு முடிச்சுடறேன். ஹார்மோன் சிகிச்சைக்கு அடங்காம நோய் எலும்புக்கும் நெறிக்கட்டிக்கும் பரவினவங்களுக்கு இது. மருந்தோட பேர் லுட்டீஷியம் பி.எஸ்.எம்.ஏ.-617. 831 பேரை வச்சு நடந்த விஷன் ஆய்வோட முடிவு 2021-ல வந்துச்சு. வழக்கமான சிகிச்சை மட்டும் எடுத்தவங்களோட இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டின காலம், 11.3 மாசம், இதையும் சேர்த்து எடுத்தவங்களுக்கு 15.3 மாசம். 2022 மார்ச்ல அமெரிக்கா அனுமதி கொடுத்துச்சு. 6 வாரத்துக்கு ஒரு ஊசி, மொத்தம் அதிகபட்சம் 6. ஒரு ஊசியில இருக்கிற கதிரியக்கத்தோட அளவு 7.4 கிகாபெக்கரல், நம்ம ஊர் டாக்டர்கள் '200 மில்லிக்யூரி'ம்பாங்க. நோயை அடியோட அழிக்கிற சிகிச்சை இல்ல இது. ஆயுளை நீட்டுது, வலியைக் குறைக்குது. இதை வீட்டுல யாராவது ஒருத்தர் தெளிவா புரிஞ்சு வச்சிருக்கணும்.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. ஊசி கையில ஏறுது. எலும்புல ஒளிஞ்சிருக்கிற கட்டியை மருந்து எப்படிக் கண்டுபிடிக்குது? புராஸ்டேட் புற்றுநோய்ச் செல்லு மேல பி.எஸ்.எம்.ஏ.ன்னு ஒரு புரதம் மண்டிக் கிடக்கும். மருந்து அந்தப் பேர்ப்பலகையைத் தேடிப் போற கொரியர்காரர். அவர் பையில இருக்கிற பார்சல்தான் லுட்டீஷியம். பிரச்சினை என்னன்னா, அதே பேர்ப்பலகை உமிழ்நீர்ச் சுரப்பி வாசல்லயும் தொங்குது, கிட்னியிலயும் தொங்குது. கொரியர்காரர் கதவைத் தட்டி 'நீங்க புற்றுநோயா?'ன்னா கேட்பார்? அங்கயும் பார்சலைப் போட்டுட்டுத்தான் போவார். விஷன் ஆய்வுல 100-க்கு 39 பேருக்கு வாய் வறண்டதோட காரணம் இதுதான். ஊசிக்கு முன்னாடியே பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன் எடுக்கிறதும் அந்தப் பலகை கட்டியில இருக்கா இல்லையான்னு பார்க்கத்தான். பலகை இல்லாத கட்டிக்கு இந்த ஊசி வீண்.

பார்சல்ல இருந்து வர்ற பீட்டா கதிர் திசுவுக்குள்ள அதிகபட்சம் 2 மில்லிமீட்டர் போகும், அவ்வளவுதான். கூடவே கொஞ்சம் காமா கதிரும் வரும். உடம்பைத் தாண்டி உங்க பக்கம் வர்றது அந்தக் காமாதான்.

(திரையில்: தண்ணி பாட்டில், கடிகாரம்)

கட்டியில ஒட்டாத மருந்து எங்க போகும்? கிட்னி வழியா ஒண்ணுக்குல போகும், பெரும்பகுதி முதல் ரெண்டு நாளுக்குள்ள. அதனாலதான் பாத்ரூமைப் பிடிச்சுட்டு நிக்கிறேன்.

ஒரு நாளைக்கு ரெண்டு லிட்டர் தண்ணி குடிக்க வைங்க. இதய நோய், கிட்னிப் பிரச்சினை இருந்தா அளவை டாக்டர்கிட்ட கேட்டுக்குங்க. ரெண்டு, ரெண்டரை மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒண்ணுக்கு அனுப்புங்க. 'இப்ப வரல'ன்னு சொன்னாலும் அனுப்புங்க. நடு ராத்திரி ஒரு தடவை எழுப்பியே ஆகணும். ராத்திரி பூரா அடக்கி வச்சா மூத்திரப்பைக்குத் தேவையில்லாத கதிர்வீச்சு. போகும்போது உட்கார்ந்துதான் போகணும். ஆமாங்க, ஆம்பளைங்கதான், உட்கார்ந்துதான். நின்னு போனா தெறிக்கும், தெறிச்ச இடத்தைத் துடைக்கப் போறது நீங்க. முடிச்சதும் மூடியைப் போட்டு ரெண்டு தடவை ஃப்ளஷ். இந்தியன் டாய்லெட்டா? முட்டி மடக்க முடியாதவருக்கு மேல வைக்கிற கமோடு சேர் வாங்கிப் போடுங்க. ஒவ்வொரு தடவையும் ஒரு முழு பக்கெட் தண்ணியை மெதுவா ஊத்தணும். வேகமா வீசினா அதுவும் தெறிக்கும்.

தரையில சிந்திடுச்சா? கிளவுஸ் போட்டு, டிஷ்யூவால ஓரத்துல இருந்து நடுவை நோக்கித் துடைங்க. நடுவுல இருந்து ஆரம்பிச்சா பரப்பி விட்டுடுவீங்க. அப்புறம் சோப்புத் தண்ணி. லுங்கி, ஜட்டி, படுக்கை விரிப்பைத் தனியா துவைச்சு, ரெண்டு தடவை அலசினா போதும்.

ஒண்ணுக்கு அடக்க முடியாம டயப்பர் போடுறவரா இருந்தா, கவனம். அதைக் குப்பை வண்டியில போடாதீங்க. ரெண்டு பிளாஸ்டிக் பையில கட்டி, தேதி எழுதி, ஆள் புழங்காத மூலையில வைங்க. லுட்டீஷியம் 6.6 நாளைக்கு ஒரு தடவை பாதியாகும்; பத்து தடவை பாதியாகி ஆயிரத்துல ஒரு பங்கா குறைய 70 நாளுக்குக் கொஞ்சம் கம்மி. எத்தனை நாள் வைக்கணும், ஆஸ்பத்திரியே திரும்ப வாங்கிக்குமான்னு டிஸ்சார்ஜ் அன்னைக்கே கேளுங்க. ஒண்ணுக்குப் போக டியூப் போட்டவருக்கு யூரின் பையைக் காலி பண்ணும்போது கிளவுஸ் போட்டு, பையோட வாயை டாய்லெட்டுக்கு நெருக்கமா தாழ்த்திப் பிடிச்சு ஊத்துங்க.

அடுத்து, எவ்வளவு தூரம்? புளூவிக்டோ (இந்த மருந்தோட கம்பெனிப் பேர்) மருந்துக் குறிப்பு சொல்றது: வீட்டுப் பெரியவங்க 2 நாளைக்கு 3 அடி தள்ளி இருக்கணும். குழந்தைங்களும் கர்ப்பிணிகளும் 7 நாள். தனி அறையில தூங்கறது உங்களுக்கு 3 நாள், குழந்தைங்களுக்கு 7 நாள், கர்ப்பிணிகளுக்கு 15 நாள். தாம்பத்தியம் 7 நாளைக்கு வேண்டாம். உங்க ஆஸ்பத்திரி கொடுக்கிற சீட்டுல வேற கணக்கு இருந்தா அதையே பிடிச்சுக்குங்க. தூரத்தோட மகிமை என்னன்னா, 1 மீட்டரை 2 மீட்டராக்கினா உங்க மேல விழறது கால்வாசி ஆயிடும். ஒரு நாற்காலியைத் தள்ளிப் போடறதுலயே வேலை முடிஞ்சுது.

இதைக் கேட்டுட்டு அவரை மாடி ரூம்ல அடைச்சு, தட்டைக் கதவுகிட்ட வச்சுட்டு ஓடுறாங்க பாருங்க, அது எனக்குச் சுத்தமா பிடிக்கல. தட்டை அவர் கையிலேயே கொடுங்க. ஒரு நிமிஷம் தோளைப் பிடிச்சு எழுப்பி விடலாம். எதிர்ல உட்கார்ந்து சீரியல் பார்க்கலாம். பக்கத்துல ஒட்டி மணிக்கணக்குல இருக்கிறதைத்தான் தவிர்க்கணும். அதனால சென்னையில ஊசி, ஊரு தூத்துக்குடின்னா அன்னைக்கே பஸ் ஏத்தாதீங்க. பக்கத்து சீட்டுல கர்ப்பிணி உட்கார்ந்தா என்ன பண்ணுவீங்க? கார்னா அவர் பின் சீட்டுல, டிரைவருக்குக் குறுக்கு மூலையில.

சாப்பாடு: வாய் வறட்சி சில வாரத்துல தெரிய ஆரம்பிக்கும். காரம், புளிப்பு எரியும். தயிர் சாதம், கஞ்சி, குழைய வேகவச்ச பருப்பு. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணியில அரை டீஸ்பூன் சமையல் சோடா கலந்து கொப்பளிக்கட்டும். பல் பிடுங்கணும்னா புற்றுநோய் டாக்டர்கிட்ட கேட்காம பிடுங்காதீங்க. எலும்பு வலுவுக்குன்னு தனியா ஊசி போடுறவங்களுக்குத் தாடை எலும்பு ஆறாமலே போகலாம்.

முதல் சில நாள் எலும்பு வலி கூடலாம். உடனே மெடிக்கல் ஷாப்ல டைக்ளோஃபினாக் வாங்கிக் கொடுத்துடாதீங்க, கிட்னிக்குக் கேடு. எதைக் கொடுக்கலாம்னு முன்னாடியே எழுதி வாங்கிக்குங்க. அடுத்த ஊசிக்கு முன்னாடி ரத்தத்துல ஹீமோகுளோபின், பிளேட்லெட் (ரத்தத்தை உறைய வைக்கிற அணு), கிரியேட்டினின் (கிட்னி எப்படி இருக்குன்னு காட்டுறது) பார்ப்பாங்க. பிளேட்லெட் இறங்கியிருந்தா ஊசி தள்ளிப் போகும், அதுக்காக இடிஞ்சு போகாதீங்க. பி.எஸ்.ஏ., அதாவது புராஸ்டேட் புற்றுநோயைக் கண்காணிக்கிற ரத்தப் பரிசோதனை எண்ணும் முதல் ஊசிக்கு அப்புறம் ஏறிட்டு இறங்கலாம். அந்த ஒரு ரிப்போர்ட்டை வச்சு குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல தீர்ப்பு எழுத வேண்டாம்.

(திரையில்: சிவப்பு எழுத்துல 'இன்னைக்கே')

காத்திருக்கக் கூடாத விஷயங்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டா. எங்காவது ரத்தம் கசிஞ்சா. ஒண்ணுக்கே வராம அடைச்சுக்கிட்டா. எல்லாத்தையும்விட அவசரம்: புதுசா கடுமையான முதுகுவலி வந்து, கால் துவண்டாலோ, மரத்துப் போனாலோ, மலம் மூத்திரம் தெரியாம போனாலோ, கட்டி தண்டுவடத்தை அழுத்துதுன்னு அர்த்தமா இருக்கலாம். எண்ணெய் தேய்ச்சுப் பார்த்து, காலையில போலாம்னு இருந்துடாதீங்க. நேரம் போகப் போக நடையைத் திரும்பக் கொண்டு வர்றது கஷ்டமாயிடும். கேஷுவாலிட்டியில வயசு, சுகர், பிரஷர்னு ஆரம்பிக்காம முதல் வரியிலேயே சொல்லுங்க: 'புராஸ்டேட் கேன்சர், எலும்புல பரவியிருக்கு, இப்ப கால்ல பலம் இல்ல, எம்.ஆர்.ஐ. எடுக்கணும்.' ரெண்டாவது வரி, லுட்டீஷியம் ஊசி போட்ட தேதி.