கருப்பை வாய்ப் புற்றுநோய்: அவகாசம் எதுவரை, அவசரம் எப்போது

நேயர்களுக்கு வணக்கம். கருப்பை வாய்ப் புற்றுநோய் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். மகளிர் புற்றுநோய் மருத்துவராக நான் தினமும் பேசுகிற விஷயம்தான். ஆனால் பரிசோதனை அறையில் எதிரே இருப்பவருக்குப் பயத்தில் பாதி காதில் ஏறாது. பயமில்லாத நேரத்தில் கேட்பவர்களிடம் பேச வானொலியைவிட வசதியான இடம் கிடையாது.

புற்றுநோய் என்றாலே திடீரென்று வந்து ஆளைச் சாய்ப்பது என்றுதான் பலரும் நினைக்கிறோம். இந்த நோய் அப்படி வருவதில்லை. கிருமி தொற்றிய நாளுக்கும் அது புற்றாக மாறும் நாளுக்கும் நடுவே பெரும்பாலும் 15 முதல் 20 ஆண்டுகள் ஓடிவிடும். இவ்வளவு நீண்ட தவணை கொடுக்கிற புற்றுநோய்கள் மிகக் குறைவு. அப்படியும் 2022இல் உலகம் முழுவதும் ஏறத்தாழ 6,60,000 பெண்களுக்கு இது புதிதாகக் கண்டறியப்பட்டது, சுமார் 3,50,000 பேர் இறந்தார்கள். அந்தத் தவணை எங்கே கைநழுவிப் போகிறது என்பதுதான் என் பேச்சு.

கருப்பையின் அடிப்பகுதி குறுகி, யோனிக்குள் சற்று நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் கருப்பை வாய். பிரசவத்தில் பத்து சென்டிமீட்டர் வரை விரிந்து குழந்தைக்கு வழிவிடுவது இதுவே. அதன் வெளிப்புறத்தில் தட்டையான செல்கள், உள்வழியில் சளி சுரக்கும் நெட்டையான செல்கள். இரண்டும் சந்திக்கும் எல்லையில் ஒருவகைச் செல் இன்னொரு வகையாக மாறிக்கொண்டே இருக்கும். இந்தப் புற்றுக்குக் காரணமான ஹெச்.பி.வி. என்கிற வைரஸுக்குத் தோதான இடம் அந்த மாறுமிடம்தான். பெரும்பாலான புற்று அங்கேதான் தொடங்குகிறது.

இந்த வைரஸில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. கையில் காலில் மரு வருவதுகூட இதன் சில வகைகளால்தான். புற்றுக்குக் காரணமாகக்கூடியவை 14 வகை போல. அதிலும் 16, 18 என்ற இரண்டு எண்களை நினைவில் வைத்தால் போதும், பத்தில் ஏழு கருப்பை வாய்ப் புற்றுக்கு அவை இரண்டும்தான் காரணம். ஒரு காலத்தில் ஹெர்பிஸ் வைரஸின் மீதுதான் மருத்துவ உலகுக்குச் சந்தேகம். ஹெச்.பி.வி.தான் என்று விடாமல் தேடிய ஜெர்மானியர் ஹரால்ட் சூர் ஹவுசன், 1983இல் 16ஆம் வகையையும் அடுத்த ஆண்டே 18ஆம் வகையையும் புற்றுத் திசுவில் கண்டுபிடித்தார். 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பாலுறவு வழியாகத் தொற்றுவது என்றதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, யாரால் வந்தது என்பது. அந்தக் கேள்விக்கு விடை கிடையாது. பாலுறவு கொள்ளும் ஆண், பெண் யாராக இருந்தாலும் வாழ்நாளில் ஒரு தடவையாவது இந்த வைரஸைச் சந்திப்பவர்களே பெரும்பான்மை. ஒரே துணையோடு வாழ்ந்தவருக்கும் வரும், பல ஆண்டுக்கு முன் தொற்றியது இன்று தெரியவரும். இதை வைத்து யாருடைய நடத்தையையும் எடை போட முடியாது. போடவும் கூடாது.

பத்தில் ஒன்பது பேருக்குத் தொற்று இரண்டு ஆண்டுக்குள் தானாகவே மறைந்துவிடும். மறையாமல் தங்கிவிட்டால்தான் வம்பு. தங்கிய வைரஸ், செல் கண்டபடி பெருகாமல் தடுத்து வைக்கும் இரண்டு புரதங்களை முடக்கிவிடுகிறது. அதன்பின் செல்கள் தம் இஷ்டத்துக்குப் பெருகும். புகைபிடிப்பவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கோ ஏறத்தாழ ஆறு மடங்கு. அவர்களுக்கு நான் சொன்ன 15 ஆண்டுத் தவணையும் சுருங்கி ஐந்து முதல் பத்து ஆண்டாகிவிடும்.

இந்த இடைக்காலத்தில் வலி இருக்காது, ரத்தப்போக்கு இருக்காது. பரிசோதித்தால் ஒழியத் தெரியாது. பரிசோதனையில் மூன்று வகை உண்டு. கருப்பை வாயிலிருந்து செல்களைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது பாப் ஸ்மியர், ஜார்ஜ் பாப்பனிகோலாவ் என்ற மருத்துவரின் பெயரால் வந்தது. வைரஸின் மரபணு இருக்கிறதா என்று தேடுவது ஹெச்.பி.வி. டி.என்.ஏ. சோதனை. மூன்றாவது, அசிட்டிக் அமிலம் தடவிப் பார்ப்பது.

அந்த மூன்றாவதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், பார்த்துப் பார்த்தும் எனக்கு அலுக்காத ஒன்று. யோனியை விரித்துக் காட்டும் ஸ்பெகுலம் என்ற கருவியை வைத்து விளக்கைத் திருப்பினால் கருப்பை வாய் இளஞ்சிவப்பாக, வழவழவென்று தெரியும். நடுவில் சிறு துவாரம். 3 முதல் 5 சதவீத அமிலத்தில் நனைத்த பஞ்சை ஒற்றி எடுத்துவிட்டு ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். மாறிய செல்கள் இருந்தால், சற்று முன்வரை ஒன்றுமே இல்லாத இடத்தில் வெள்ளைத் திட்டு ஒன்று மெல்லக் கிளம்பும். ஓரம் கோடு போட்டதுபோல் துல்லியமாக இருக்கும். அந்தச் செல்களில் புரதம் அதிகம், அமிலம் பட்டதும் அது தற்காலிகமாக உறைவதால்தான் வெள்ளை. சில நிமிடத்தில் மங்கிவிடும். பெரிய கருவி எதுவும் வேண்டாம், பயிற்சி பெற்ற செவிலியர் போதும். ஒரு குறை, பார்ப்பவரின் கண்ணைப் பொறுத்து முடிவு மாறும். மாதவிடாய் நின்றவர்களுக்கு அந்த மாறுமிடம் உள்ளே போய் ஒளிந்துகொள்வதால் இது சரிப்படாது.

எனவேதான் உலகச் சுகாதார நிறுவனம் டி.என்.ஏ. சோதனைக்கே முதலிடம் தருகிறது. 30 வயதில் தொடங்கி, ஐந்து முதல் பத்து ஆண்டுக்கு ஒருமுறை செய்தால் போதும். எச்.ஐ.வி. இருந்தால் 25 வயதில் தொடங்கி, மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை. இதில் இன்னொரு வசதி, குச்சிபோன்ற சிறு தூரிகையை யோனிக்குள் விட்டுத் தானே மாதிரி எடுத்துக் கொடுத்துவிடலாம். மேசையில் படுத்துக் காட்டக் கூச்சப்பட்டே காலத்தைத் தள்ளியவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை.

இனி ஒரு முக்கியமான விஷயம். சோதனையில் 'பாசிட்டிவ்' என்று வந்தால் புற்றுநோய் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்றுதான் அர்த்தம். தவணை அதிகம் நழுவுவது இங்கேதான் என்பேன். தாளை வாங்கிக்கொண்டு போய்ப் பீரோவில் வைத்துவிட்டுத் திரும்பி வராதவர்கள், சோதனையே செய்யாதவர்களைவிட எனக்கு அதிகக் கவலை தருகிறார்கள். வந்தால் கால்போஸ்கோப் என்ற உருப்பெருக்கிக் கருவியில் பார்த்து, சந்தேகமான இடத்தில் அரிசியளவு சதை எடுத்துப் பயாப்சிக்கு அனுப்புவோம். செல்கள் எவ்வளவு மாறியிருக்கின்றன என்பதைப் பொறுத்து முடிவு சி.ஐ.என். 1, 2, 3 என்று வரும், இவை புற்றுக்கு முந்தைய படிகள். ஒன்று, பெரும்பாலும் தானே சரியாகும். மூன்றை அப்படி விடக்கூடாது.

விட்டால் என்ன ஆகும் என்பது உலகத்துக்குத் தெரிந்த விதம் வருத்தமானது. 1960களில் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகர மருத்துவமனை ஒன்றில், இந்த சி.ஐ.என். 3 படியில் இருந்த பெண்கள் பலரை முழுச் சிகிச்சை தராமல் கண்காணித்து மட்டும் வந்தார்கள். அந்தப் பெண்களிடம் சொல்லவும் இல்லை, ஒப்புதல் வாங்கவும் இல்லை. 1987இல் நீதி விசாரணையே நடந்தது. போதிய சிகிச்சை கிடைக்காதவர்களில் ஏறத்தாழ 30 சதவீதம் பேருக்கு 30 ஆண்டுக்குள் புற்று வந்தது எனப் பிற்பாடு கணக்கெடுத்தார்கள். இன்று நாங்கள் பாடமாகச் சொல்கிற எண் அவர்கள் உடம்பிலிருந்து வந்தது.

அந்த நிலையில் தேவைப்படும் சிகிச்சை எவ்வளவு சிறியது தெரியுமா? மின்கம்பி வளையத்தால் கெட்ட பகுதியை மட்டும் சீவி எடுப்பது, அல்லது சூட்டாலோ கடுங்குளிராலோ அந்த இடத்தைப் பொசுக்கிவிடுவது. பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசி போதும், சிலவற்றுக்கு அதுவும் வேண்டாம். அன்றே வீட்டுக்குப் போகலாம். கருப்பையை எடுக்க வேண்டியதில்லை. பின்னாளில் குறைமாதப் பிரசவத்துக்கான வாய்ப்பு சற்றே கூடும், அதனால் பிள்ளை பெற விரும்புகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வெள்ளைப்படுகிறது என்பதற்காக எந்தச் சோதனையும் இல்லாமல் கருப்பையை எடுத்துவிடுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். உள்ளே புற்று இருப்பது தெரியாமல் சாதாரண அறுவை செய்துவிட்டால், அதற்குப் பிறகு கொடுக்கும் சிகிச்சை மேலும் சிக்கலாகிவிடும்.

இந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டால் அறிகுறிகள் தொடங்கும். உறவுக்குப் பின் ரத்தம், இரு மாதவிலக்குக்கு நடுவே ரத்தம், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல். மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்தபின் ஒரு சொட்டுப் பட்டாலும் காட்ட வேண்டும். "வலியே இல்லையே டாக்டர், சூடுதான்னு நினைச்சேன்" என்று சொல்லித் தள்ளிப்போட்டவர்கள் எத்தனையோ பேர். வலி மிகவும் பிந்தித்தான் வரும். இடுப்பு வலி, ஒரு கால் மட்டும் வீங்குவது, சிறுநீர் அடைப்பு எல்லாம் நோய் முற்றியதற்கான அடையாளங்கள். இன்னொன்று, கண்ணுக்குத் தெரியும் கட்டியோ புண்ணோ இருந்தால் பாப் ஸ்மியர் நார்மல் என்று வந்தாலும் நம்பக் கூடாது. நேரே பயாப்சிதான்.

புற்று என்று உறுதியானபின் எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்ப்போம். கையால் பரிசோதிப்பதோடு எம்.ஆர்.ஐ. ஸ்கேன், தேவைப்பட்டால் பெட் சி.டி. ஸ்கேன். முதல் நிலையில் நோய் கருப்பை வாயோடு நிற்கும். நான்காம் நிலையில் சிறுநீர்ப்பை, மலக்குடல், இல்லை நுரையீரல் போன்ற தொலைவிடங்களுக்குப் போயிருக்கும். மிகத் தொடக்கத்தில், ஆழம் 3 மில்லிமீட்டருக்குள் இருந்தால், கூம்பு வடிவில் அந்தத் துண்டை மட்டும் எடுத்தே பலருக்குக் குணமாக்கலாம். கட்டி சிறியதாக இருந்து பிள்ளை வேண்டும் என்றால் கருப்பை வாயை மட்டும் நீக்கும் அறுவையும் உண்டு. மற்றபடி முதல் நிலையில் பெரும்பாலும் கருப்பையைச் சுற்றியுள்ள திசுவோடு சேர்த்து எடுக்கும் பெரிய அறுவை. வயிற்றில் சிறு துளைகள் மட்டும் போட்டுச் செய்யும் துளைவழி அறுவையில் தழும்பு சிறிது என்று கேட்பவர்கள் உண்டு. 2018இல் வெளியான ஓர் ஆய்வில், இந்தப் பெரிய அறுவையைத் துளைவழியாகச் செய்துகொண்டவர்களுக்கு நோய் திரும்பியது அதிகம், இறப்பும் அதிகம். அதிலிருந்து வயிற்றைத் திறந்து செய்வதே வழக்கமானது.

கட்டி பெரிதாகிவிட்டால், அல்லது இரண்டாம், மூன்றாம் நிலை என்றால் கத்திக்கு வேலை குறைவு. 'கரண்ட் வைப்பது' என்று ஜனங்கள் சொல்கிறார்களே, அந்தக் கதிர்வீச்சும் கீமோவும் சேர்ந்த சிகிச்சை. வாரத்துக்கு ஐந்து நாள் என ஐந்து வாரம் வெளியிலிருந்து கதிர், வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ ஊசி. அதன்பின் கருப்பை வாய்க்குள்ளேயே கருவியை வைத்துக் கட்டிக்கு வெகு அருகிலிருந்து கொடுக்கும் உள்கதிர்வீச்சு. ஐந்தாவது வாரத்தில் ஒரு வேடிக்கை நடக்கும். ரத்தம் நின்றிருக்கும், நாற்றம் போயிருக்கும், சாப்பாடு இறங்கும். "எனக்குச் சரியாயிடுச்சு, உள்ளே வைக்கிறதெல்லாம் வேண்டாம்" என்று கிளம்பிவிடுவார்கள். கட்டி சுருங்கியிருக்கிறதே தவிர அழியவில்லை. அதை முடித்துவைப்பது அந்த உள்கதிர்வீச்சுதான். வெளிக்கதிர், உள்கதிர் எல்லாம் சேர்ந்து எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். தள்ளிப்போனால் குணமாகும் வாய்ப்பு குறையும். 20 ஆண்டு பொறுத்த நோய் இங்கே ஒரு வாரம்கூடப் பொறுக்காது. கூட வரும் கணவரோ மகளோ இந்தக் கணக்கைக் காலண்டரில் குறித்துக்கொண்டால் பெரிய உதவி.

தொலைவிடங்களுக்குப் பரவியவர்களுக்குக் கீமோவோடு, கட்டிக்குப் போகும் ரத்த நாளங்களைத் தடுக்கும் பெவாசிசுமாப், உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் பெம்ப்ரோலிசுமாப் போன்ற மருந்துகள் வந்திருக்கின்றன. ஆயுளை நீட்டுகின்றன, முழுக் குணம் அபூர்வம். வலி இருந்தால் மார்பின் என்ற வலிநிவாரணி மருந்து தரப்படும். அதற்குத் தயங்க வேண்டாம், யாரும் வலியோடு கிடக்க வேண்டியதில்லை.

தடுப்பூசி பற்றியும் கேட்பீர்கள். 2006 முதல் கிடைக்கிறது. வைரஸின் வெளிக்கூட்டைப் போலச் செய்த வெற்றுக்கூடு மட்டுமே அதில் இருக்கிறது, தொற்றை உண்டாக்க வழியில்லை. 9 முதல் 14 வயதுக்குள், கிருமியைச் சந்திக்கும் முன்பே போடுவது உத்தமம். ஒரு டோஸே போதுமான பாதுகாப்பு தரும் என்று 2022இல் உலகச் சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. ஸ்வீடனில் 17 வயதுக்கு முன் போட்டுக்கொண்டவர்களுக்கு இந்தப் புற்று ஏறத்தாழ 88 சதவீதம் குறைந்திருப்பதாக 2020இல் ஆய்வு வெளியானது. ஏற்கெனவே உள்ள தொற்றை இந்த ஊசி விரட்டாது. எல்லா வகைகளையும் தடுக்காது என்பதால் ஊசி போட்டவர்களும் உரிய வயதில் சோதனை செய்துகொள்ள வேண்டும்.

கடைசியாக, யாரும் வாய்விட்டுக் கேட்காத ஒன்று. கதிர்வீச்சுக்குப் பின் யோனி வறண்டு சுருங்கும், இளவயதினருக்கும் மாதவிடாய் நின்றுவிடும். சுருக்கத்துக்கு டைலேட்டர் என்ற விரிகுழலும் வறட்சிக்குக் களிம்பும் இருக்கின்றன. உடல் ஆறியபின் தாம்பத்திய உறவு வைத்துக்கொள்ளலாம், புற்றுநோய் கணவருக்கு ஒட்டாது. முதல் இரண்டு ஆண்டு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும், நோய் திரும்பினால் பெரும்பாலும் அந்தக் காலத்தில்தான் திரும்பும். முன்நிலையில் சீவி எடுத்ததோடு தப்பித்தவர்களுக்கும் சோதனை முடிந்துவிடவில்லை. முன்போல நீண்ட இடைவெளி விடாமல், மருத்துவர் சொல்லும் நாளில் தவறாமல் வர வேண்டும்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.