எந்த நோயாளி காத்திருந்தார்?

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, வணக்கம். "கணிதத்தை வளர்த்தது தேவையா, தேடலா?" என்பது தலைப்பு. தேடல்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய நண்பர் நைல் நதிக்குப் போனார். வெள்ளத்தில் வரப்பு அழிந்தது, நிலத்தை மறுபடி அளக்க வேண்டியிருந்தது, அப்படித்தான் வடிவியல் பிறந்தது என்றார். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிலம் அளக்கக் கயிறும் முளைக்குச்சியும் போதுமே! கூம்பைச் சாய்த்து வெட்டினால் என்ன வளைவு வரும் என்று கிரேக்கத்து அப்பலோனியஸ் எட்டு நூல்கள் எழுதினாரே, அது எந்த வயலை அளக்க? ஏறக்குறைய 1800 வருடம் கழித்து, 1609-இல், செவ்வாய் சுற்றுவது அந்தக் கூம்பு வளைவுகளில் ஒன்றான நீள்வட்டத்தில் என்று வானியலாளர் கெப்ளர் சொன்னபோது, அந்த வளைவின் கணக்கு அவருக்கு முன்பே தயாராக இருந்தது.

நம் ராமானுஜன் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா. துறைமுகத்துக்குத் தேவைப்பட்ட கணக்கு வேறு, அவர் நோட்டில் எழுதிய கணக்கு வேறு. முழு எண்களின் இயல்பை ஆராயும் எண் கோட்பாட்டுக்கு உடனடிப் பயன் இல்லை என்பதையே பெருமையாக நினைத்தார், அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்த கணித அறிஞர் ஹார்டி. அதே எண் கோட்பாட்டில் ஃபெர்மா 1640-இல் சொன்ன பகா எண் விதி, 1977-இல் ஆர்.எஸ்.ஏ. என்ற ரகசியக் குறியீட்டு முறைக்கு அடித்தளம் ஆனது.

அப்புறம், எனக்கு மிக நெருக்கமான ஒன்று. என் அம்மாவுக்குத் தலையில் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். சில நிமிடம்தான். கத்தி படவில்லை, ஆனால் மூளையின் குறுக்குவெட்டு திரையில் வந்துவிட்டது. இது எப்படி முடிகிறது? தர்பூசணியை அறுக்காமல் உள்ளே விதை எங்கே என்று சொல்வது போன்ற கணக்கு அது. எக்ஸ் கதிர் ஒவ்வொரு கோட்டிலும் உடம்பைக் கடக்கும்போது மொத்தம் எவ்வளவு மங்குகிறது என்பது மட்டும்தான் கருவிக்குத் தெரியும். எல்லாக் கோணத்திலும் அந்தக் கூட்டுத்தொகைகள் கிடைத்தால், உள்ளே ஒவ்வொரு புள்ளியிலும் என்ன இருக்கிறது என்று மீட்டெடுக்கலாம். அதற்கான சூத்திரத்தை 1917-இல், முதல் உலகப் போருக்கு நடுவே, ஆஸ்திரியக் கணித அறிஞர் ராடான் நிரூபித்துவிட்டார். முதல் நோயாளிக்கு லண்டனில் ஸ்கேன் எடுத்தது 1971-இல். ராடான் அதைப் பார்க்கவில்லை, 1956-லேயே இறந்துவிட்டார்.

எதிரணி இப்போது கார்மாக்கைக் காட்டும். அதே 1956-இல் கேப் டவுன் மருத்துவமனையில் வேலை பார்த்தபோது, ராடானைப் பற்றித் தெரியாமலேயே இந்தக் கணக்கைத் தானே போட்டவர். 1979-இல், ஸ்கேன் கருவியை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டோடு மருத்துவ நோபல் பெற்றவர். தேவைதானே அவரை உந்தியது என்பீர்கள். உண்மைதான். ஆனால் அவர் கஷ்டப்பட்டு வந்து சேர்ந்த இடத்தில் ராடான் ஏற்கெனவே நின்றிருந்தார்! அந்தத் தாள் கையில் கிடைத்திருந்தால் கார்மாக்குக்கு எத்தனை உழைப்பு மிச்சமாகியிருக்கும்!

எதிரணியில் அடுத்துப் பேச வருபவர் எனக்கு ஒன்று மட்டும் சொல்லட்டும். 1917-இல் ராடான் அந்தச் சூத்திரத்தை எழுதியபோது, அதற்காக எந்த நோயாளி காத்திருந்தார்?