ஸ்ட்ரெட்ச் மார்க்: க்ரீம் வாங்குறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க

[திரையில்: தோலின் குறுக்குவெட்டுப் படம்]

வயிறு, தொடை, இடுப்பு, மார்புன்னு நீள நீளமா ஓடுற கோடுகள். ஸ்ட்ரெட்ச் மார்க்னு பேச்சு எடுத்தாலே முதல்ல வர்ற கேள்வி, "எந்த க்ரீம் போட்டா போகும்?" அதுக்குப் பதில் வேணும்னா, இந்தக் கோடு தோல்ல எந்த ஆழத்துல இருக்குன்னு முதல்ல பார்க்கணும்.

மேல மெல்லிசா தெரியுறது எபிடெர்மிஸ். அதுக்கு அடியில தடிமனா இருக்கிறது டெர்மிஸ். தோலுக்கு உறுதி குடுக்குற கொலாஜன், இழுபட்ட தோலைப் பழையபடி திரும்ப வைக்கிற எலாஸ்டின், இந்த ரெண்டு நாரும் டெர்மிஸ்லதான் பின்னிக் கிடக்கு. உடம்பு வேகமா பெருக்கும்போது இந்தப் பின்னல் தாங்காம அறுந்துபோகுது. மேல்தோல் கிழியாததால ரத்தம் வராது, புண்ணும் தெரியாது. ஆனா உள்ளே ஒரு காயம் உண்டாகி, அது ஆறித் தழும்பாகுது.

[திரையில்: புதுக் கோடு, பழைய கோடு, பக்கத்துல பக்கத்துல]

புதுசா வந்த கோடு சிவப்பாவோ ஊதாவாவோ இருக்கும். மாநிறம், கருப்புத் தோல்ல அடர் பழுப்பாவும் தெரியலாம். லேசா அரிக்கும். மாசங்கள் போகப் போக அது வெளிறி, கொஞ்சம் பளபளன்னு ஆயிடும். அப்போ விரல் நுனியால குறுக்கே தடவிப் பாருங்க, கோடு இருக்கிற இடத்துல தோல் கொஞ்சம் உள்வாங்கி, மெலிஞ்சு, நெளிநெளியா இருக்கிறது தெரியும். இந்த ரெண்டு கட்டத்தையும் மனசுல வெச்சுக்கோங்க. சிகிச்சை பலன் குடுக்குமா இல்லையாங்கிறது பெரும்பாலும் இதைப் பொறுத்துதான் இருக்கு.

சரி, தோல் இழுபடுறது மட்டும்தான் காரணமா? இல்லை. ஒரே அளவு வயிறு இருக்கிற ரெண்டு கர்ப்பிணிகள்ல ஒருத்தருக்கு நிறைய வரும், இன்னொருத்தருக்கு ஒண்ணுகூட வராது. பரம்பரைக்கு இதுல பெரிய பங்கு இருக்கு. அம்மாவுக்கு வந்திருந்தா மகளுக்கும் வர வாய்ப்பு அதிகம். சின்ன வயசுல கர்ப்பமாகுறவங்களுக்கும் அதிகமா வருது. பெரும்பாலும் 6-வது, 7-வது மாசத்துக்கு மேலதான் தெரிய ஆரம்பிக்கும்.

பருவ வயசுப் பிள்ளைகளுக்கும் இது சகஜம். பையன்கள் கிடுகிடுன்னு உயரமாகும்போது கீழ் முதுகுல குறுக்குக் கோடுகளா வரும். பிரம்பால அடிச்ச தடம் மாதிரியே இருக்கிறதால, யாரோ பிள்ளையை அடிச்சுட்டாங்கன்னு பெரியவங்க பதறிப்போறதும் உண்டு. எடை குறைவா இருக்கிற பிள்ளைகளுக்கும் இது வரும், அதனால "குண்டானதால வந்தது"ன்னு அவங்க மனசைப் புண்படுத்தாதீங்க.

[திரையில்: களிம்பு ட்யூப், பெயர் இல்லாமல்]

இப்போ சொல்லப்போறதுதான் எனக்கு ரொம்பக் கவலை தர்ற விஷயம். தொடை இடுக்குல படர்தாமரைன்னு, டாக்டர் சொல்லாமலே ஏதோ ஒரு களிம்பை வாங்கித் தடவுறாங்க. அதுல குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டு கலந்திருந்தா அரிப்பு சட்டுனு அடங்கும். அதனால திரும்பத் திரும்பப் போடுவாங்க. ஸ்டீராய்டு கொலாஜன் உற்பத்தியைக் குறைச்சுத் தோலை மெலிய வைக்கும். தொடை இடுக்கு, அக்குள் மாதிரி மடிப்புகள்ல மருந்து இன்னும் அதிகமா உள்ளே இறங்கும். அங்கே அகல அகலமா கோடுகள் விழுந்துட்டா, களிம்பை நிறுத்தின பிறகும் அது போகாது. அரிப்பு அடங்கினாலும் படர்தாமரை பரவிக்கிட்டே இருக்கும். ட்யூப்ல எழுதியிருக்கிற மருந்துப் பேரைப் படிங்க. ஆனா வேற நோய்க்கு டாக்டர் ஸ்டீராய்டு மாத்திரை குடுத்திருந்தா, அதை நீங்களா திடீர்னு நிறுத்தக் கூடாது, அது ஆபத்து.

1 சென்டிமீட்டருக்கு மேல அகலமா, அடர் ஊதாவா கோடுகள் வந்து, கூடவே முகம் உருண்டையா ஊதிப்போய், கை கால் வலு குறைஞ்சு, லேசா இடிச்சாலே தோல் கன்னிப்போனா அது குஷிங் நோயா இருக்கலாம். உடம்புல கார்ட்டிசால் ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கிற நோய். உடனே டாக்டரைப் பாருங்க.

வராம தடுக்க முடியுமா? கர்ப்பிணிகளுக்கான க்ரீம், எண்ணெய் பத்தி நடந்த 6 ஆய்வுகளை, சுமார் 800 பெண்களை உள்ளடக்கினது, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடுற காக்ரேன் அமைப்பு 2012-ல அலசிப் பார்த்துச்சு. எதுவுமே உறுதியா தடுக்குதுன்னு சொல்ல நல்ல ஆதாரம் கிடைக்கலை. கோகோ பட்டர், ஆலிவ் எண்ணெய்க்கும் இதே கதிதான். எண்ணெய் தடவுனா வறட்சியும் அரிப்பும் குறையும், அதுக்காகத் தாராளமா தடவுங்க. எடை ஒரேயடியா ஏறாம பார்த்துக்கிறது உதவும், ஆனா கர்ப்பத்துல சாப்பாட்டைக் குறைக்காதீங்க. இன்னொண்ணு, கர்ப்பத்தின் பிற்பகுதியில தடிப்பு எதுவுமில்லாம உள்ளங்கையும் உள்ளங்காலும் கடுமையா அரிச்சா, அது கல்லீரல் பிரச்சினையா இருக்கலாம். ஸ்ட்ரெட்ச் மார்க் அரிப்புன்னு விட்டுடாம அன்னைக்கே டாக்டர்கிட்ட சொல்லுங்க.

[திரையில்: மைக்ரோநீட்லிங் கருவி]

சிகிச்சைக்கு வருவோம். கோடு சிவப்பா இருக்கிற கட்டத்துல ட்ரெட்டினாயின்னு ஒரு வைட்டமின் ஏ வகை க்ரீம் சிலருக்குப் பலன் குடுக்குது, மாசக்கணக்கா போடணும். கர்ப்பிணிகள் போடவே கூடாது, பால் குடுக்குறவங்க டாக்டரைக் கேட்காம தொடக் கூடாது. வெளிறிப்போன கோடுகளுக்கு ஃப்ராக்ஷனல் லேசர், மைக்ரோநீட்லிங் இருக்கு. நுண்ணிய காயங்களை உண்டாக்கி, புதுக் கொலாஜன் உருவாகத் தூண்டுற முறைகள் இவை. பல தடவை செய்யணும். கோடு மங்கும், முழுசா மறையாது. முழுசா மறைச்சுடுவோம்னு யாராவது உத்தரவாதம் குடுத்தா நம்பாதீங்க.

கருப்பு, மாநிறத் தோல்ல லேசருக்குப் பிறகு அந்த இடம் கருத்துப்போற அபாயம் இருக்கு. மைக்ரோநீட்லிங்ல அது குறைவு. லேசர்தான்னு முடிவெடுத்தா, தோல் டாக்டர்கிட்ட முதல்ல ஒரு சின்ன இடத்துல மட்டும் செஞ்சு பார்க்கச் சொல்லுங்க. சில வாரம் கழிச்சு அந்த இடம் கருக்காம இருந்தா மட்டும் மீதிக்கு ஒத்துக்கோங்க.