முடிச்சு போட்ட கையும் சேலை கட்டிய முகமும்

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணியில் அமர்ந்திருக்கும் அண்ணனுக்கும் அக்காவுக்கும், அவையில் இருக்கும் எல்லோருக்கும் என் வணக்கம்.

"வாடிக்கையாளரோடு நம்மை நெருக்கமாக்குவது கடை வாசலா, கைப்பேசியா?" என்பது இன்றைய தலைப்பு. கைப்பேசியே என்று பேச வந்திருக்கிறேன். அதற்குள் இருக்கும் வாட்ஸ்அப்பையும் இன்ஸ்டாகிராமையும்தான் கைப்பேசி என்று சொல்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ஓர் அழகான காட்சியைச் சொன்னார். தெருமுனை மளிகைக்கடை. பருப்பை நிறுத்துக்கொண்டே, "என்னம்மா, அப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுச்சா?" என்று அண்ணாச்சி கேட்கிறார். பணம் இல்லையென்றால் நோட்டில் எழுதிக்கொள்கிறார். இந்தக் கேள்வியை ஒரு செயலி கேட்குமா என்று அண்ணன் கேட்டதும் அவை கைதட்டியது. நானும் தட்டினேன். அப்படி ஓர் அண்ணாச்சி எங்கள் தெருவிலும் இருக்கிறார். மாதக் கடைசியில் அந்த நோட்டுதான் எங்கள் வீட்டுக்கும் சோறு போட்டது. கைப்பேசி யாருக்கும் கடன் நோட்டு போடாது. அதை இப்போதே ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நடுவர் அவர்களே, அந்தக் காட்சியில் விற்பவர் இருக்கிறார், வாங்குபவர் இருக்கிறார். அந்தப் பொருளைச் செய்தவர் எங்கே? நான் செய்தவர் வீட்டிலிருந்து வருகிறேன்.

நான் மதுரைக்காரி. பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். என் அம்மா சுங்குடிச் சேலைக்கு முடிச்சு போடுபவர். சௌராஷ்டிர மக்கள் மதுரைக்குக் கொண்டுவந்து தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிய கலை அது. பக்கத்து வீட்டு சௌராஷ்டிரப் பாட்டிதான் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். நக நுனியால் துணியை ஒரு கடுகளவு கிள்ளித் தூக்க வேண்டும். அதன் கழுத்தில் நூலைச் சுற்றி இறுக்க வேண்டும். அடுத்த புள்ளிக்குப் போக வேண்டும். ஒரு சேலைக்கு இப்படி ஆயிரக்கணக்கான முடிச்சு. அப்புறம் துணி சாயத்துக்குப் போகும். முடிச்சுக்குள் சாயம் ஏறாது. காய்ந்ததும் துணியை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் முடிச்செல்லாம் படபடவென்று தெறித்து அவிழும், உள்ளே வெள்ளைப் புள்ளி மலரும். 2005-இல் மதுரை சுங்குடிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அம்மாவுக்கு என்ன கிடைத்தது? முடிச்சுக் கூலி. முதலாளி வீட்டு ஆள் சைக்கிளில் துணி கொண்டுவருவார், வாரம் கழித்து வாங்கிக்கொண்டு போவார். அந்தச் சேலை எந்தக் கடைக்குப் போகிறது, யார் கட்டுகிறார், அவருக்குப் பிடித்ததா, எதுவும் தெரியாது. பதினோரு வருஷம் முடிச்சு போட்ட அம்மா, தன் சேலையை ஒருவர் கட்டிக்கொண்டு நடப்பதைத் தெரிந்து பார்த்ததே இல்லை. எதிரணி சொல்லும் கடை வாசலில் அம்மாவுக்கு இடமே இருக்கவில்லை. கடை வைக்க அட்வான்ஸ் வேண்டும், வாடகை வேண்டும், காலையிலிருந்து இரவு வரை வெளியே உட்கார வீட்டில் சம்மதம் வேண்டும். மூன்றும் எங்களிடம் இல்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கடைகள் மூடின, சைக்கிள் வருவது நின்றது. ஜூன் மாதம் எனக்கு ஆன்லைன் வகுப்பு என்று சொல்லி, அம்மா தோட்டை அடகு வைத்து ஒரு போன் வாங்கினார். பத்தாம் வகுப்புப் பாடம் படிக்க வாங்கிய போன் அது. வீட்டில் மிச்சம் கிடந்த இரண்டு சேலையைப் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன். மாமா பெண் பார்த்தாள், அவளுடைய டீச்சர் பார்த்தார். முதல் மாதம் விற்றது அந்த இரண்டு சேலைதான்.

இங்கேதான் நான் கற்றுக்கொண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். 2018 ஜனவரியில் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில், யார் எழுதினாலும் தானாகப் பதில் போகிற மாதிரி வைக்கலாம். நானும் வைத்தேன். "அன்பான வாடிக்கையாளரே, எங்களைத் தொடர்புகொண்டதற்கு நன்றி." அதை அம்மா படித்துவிட்டுக் கேட்டார், "அந்தப் பொண்ணு பேரு உனக்குத் தெரியும்ல? அப்புறம் எதுக்கு வாடிக்கையாளரேன்னு போடுற?" அன்றைக்கே எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு அம்மாவே வாய்ஸ் மெசேஜில் பேசினார். "நல்லா இருக்கீங்களா, போன தடவை வாங்குன பச்சை அத்தைக்குப் பிடிச்சிருந்துச்சா?" என்றுதான் ஆரம்பிப்பார். நடுவர் அவர்களே, இது அண்ணாச்சி கேட்ட அதே கேள்வி! கேட்பது மனுஷர். அந்தக் குரலை எங்கள் சந்துக்கு வெளியே, முந்நூறு கிலோமீட்டர் தாண்டிக் கொண்டுபோனது கைப்பேசி.

பெரிய நிறுவனங்களின் இணையப் பக்கத்தில் குறை சொன்னால் ஒரே மாதிரி பதில் இயந்திரம் போல வருகிறது என்று எதிரணி அக்கா வருத்தப்பட்டார். அது நியாயமான வருத்தம். பேர் சொல்லிக் கூப்பிடாத இடத்தில் எந்த நெருக்கமும் வராது, அது திரையானாலும் சரி, கல்லாப்பெட்டி ஆனாலும் சரி.

அடுத்து, தொட்டுப் பார்க்க முடியாது என்றார்கள். உண்மை. துணி வியாபாரத்தில் இது பெரிய குறைதான். திரையில் ஒரு நிறம், கையில் ஒரு நிறம் என்று எங்களுக்கும் சண்டை வந்திருக்கிறது. அதனால் அம்மா காலை எட்டு மணி வெளிச்சத்தில் மொட்டை மாடியில்தான் படம் எடுக்கச் சொல்வார். மஞ்சள் சேலை என்றால் பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழம், பச்சை என்றால் ஒரு வெற்றிலை. வாங்குபவர் தன் வீட்டு எலுமிச்சையை வைத்து ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் தொட்டுப் பார்த்து மட்டும் உண்மை தெரிந்துவிடுகிறதா? இன்று சுங்குடி என்ற பேரில் விற்பதில் நிறைய அச்சுப் போட்ட துணி. கடையில் மடித்து அடுக்கியிருக்கும்போது முடிச்சுப் புள்ளியா, அச்சுப் புள்ளியா என்று எத்தனை பேருக்குத் தெரியும்? நாங்கள் முடிச்சு அவிழ்வதையே வீடியோ எடுத்துப் போடுகிறோம். இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் 2020 ஜூலையில் நம் நாட்டுக்கு வந்தது. பதினைந்து விநாடி, நானும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறோம், அவ்வளவுதான். அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, என் சேலைக்கு நீங்க முடிச்சு போடுறதையும் ஒரு தடவை காட்டுங்க" என்று கேட்டவர்கள் உண்டு. எந்தக் கடை வாசலில் நின்று இதைக் கேட்க முடியும்?

எதிரணி அக்கா டெல்லியிலிருந்து ஓர் உதாரணம் கொண்டுவந்தார். 2020 அக்டோபரில் மாளவியா நகரில் 'பாபா கா தாபா' என்ற சின்னச் சாப்பாட்டுக் கடை. வியாபாரமே இல்லாமல் கண்ணீர் விட்ட பெரியவரின் வீடியோ நாடு முழுக்கப் பரவியது, மறுநாள் கடை முன்னால் கூட்டம் அலைமோதியது. அந்த வேகத்தில் உணவகம் ஒன்று திறந்தார்கள், சில மாதங்களில் மூடிவிட்டு அதே பழைய கடைக்குத் திரும்பினார்கள். ஒரே ராத்திரியில் வந்த கூட்டம் ஒரே ராத்திரியில் போனது, இதுதானா உங்கள் நெருக்கம் என்று அக்கா கேட்டார். அக்கா, அன்று வந்ததில் பெரும்பகுதி பார்க்க வந்த கூட்டம். அவர்கள் நல்ல மனசோடு வந்தார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். திருவிழாக் கூட்டத்தை வாடிக்கையாளர் என்று கடைத்தெருவிலும் யாரும் சொல்வதில்லை. வாடிக்கை என்றால் திரும்பத் திரும்ப வருவது. அதற்கு வைரல் வீடியோ போதாது, நூறாவது ஆளுக்கும் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும்.

வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் என்று ஒன்று உண்டு. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்த்து ஒரே செய்தியை அனுப்பலாம். அதில் ஒரு விதி இருக்கிறது. நம் எண்ணை அவர் தன் போனில் பதிந்து வைத்திருந்தால்தான் அந்தச் செய்தி அவருக்குப் போய்ச் சேரும். நாம் அவரைச் சேர்த்தால் போதாது, அவரும் நம்மைச் சேர்த்திருக்க வேண்டும். புதுச் சேலை வந்த அன்று அம்மா இதில் படம் அனுப்புவார். பதில் வரும் ஒவ்வொருவர் போனிலும் "மதுரை சுங்குடி அக்கா" என்றோ வேறு ஏதோ பேரிலோ என் அம்மா இருக்கிறார். முகம் தெரியாத கூலிக்காரியாக இருந்தவருக்கு இத்தனை வீட்டில் ஒரு பேர் இருக்கிறது.

2021 அக்டோபர் 4-ஆம் தேதி இரவு பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் முடங்கியதையும் அண்ணன் சொன்னார். அதற்கு முந்தைய வருஷம் ஜூனில் டிக்டாக் ஒரே உத்தரவில் போனதையும் சொன்னார். இன்னொருவர் கட்டடத்தில் குடியிருக்கிறீர்கள் என்று எச்சரித்தார். அந்த எச்சரிக்கையை அப்படியே ஏற்கிறேன். அம்மா ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறார். பேர், எண், ஊர், வாங்கிய நிறம், எந்த விசேஷத்துக்கு என்று எல்லாம் அதில் இருக்கும். அந்த முடக்கம் நடந்த மறுநாள் காலை ஏழு மணிக்கு ஒரு போன் வந்தது. "என்னக்கா, ராத்திரி பூரா பதிலே காணோம், உங்களுக்கு உடம்புக்கு ஏதும் இல்லையே?" செயலி படுத்துவிட்டது, உறவு படுக்கவில்லை.

ஏமாற்றுக்காரர்கள் இருக்கிறார்களே என்றால், இருக்கிறார்கள். அதற்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. இணையத்தில் வாங்கியவர் தான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். 1915 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. இதில் எனக்குச் சொல்ல வேறொன்றும் இல்லை.

ஆனால் குறை சொல்வது பற்றிச் சொல்ல இருக்கிறது. 2022-இல் திருவாரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு டீச்சர் அரக்குச் சேலை வாங்கினார். இரண்டு வாரம் கழித்து இரவு பதினோரு மணிக்கு வாய்ஸ் மெசேஜ். முதல் தண்ணியிலேயே சாயம் இறங்கி, வெள்ளைப் புள்ளியெல்லாம் சிவந்து, கூடப் போட்ட பையனின் பள்ளிச் சட்டையும் பாழ். நல்ல கோபம். அம்மா அதை மூன்று தடவை கேட்டார். காலையில் சாயப்பட்டறைக்கு நேரே போனார். அரக்குக்கு மட்டும் கடைசி அலசல் சரியாக இல்லை என்று அங்கே தெரிந்தது. முன்பு கூலிக்கு முடிச்சு போட்ட அந்தப் பதினோரு வருஷமும் அதே பட்டறையில்தான் அம்மாவின் அரக்குச் சேலைகள் சாயம் ஏறின. எத்தனை வீட்டில் சட்டை சிவந்ததோ! அந்தக் கோபமெல்லாம் ஏதோ கடை வாசலோடு நின்றுபோனது, முடிச்சு போட்டவர் காதுக்கு ஒன்றுகூட வரவில்லை. முதலில் வந்தது இந்த டீச்சரின் கோபம்.

அம்மா டீச்சருக்குப் பதில் அனுப்பினார். "தப்பு எங்க மேலதான் டீச்சர். அந்தச் சேலையைத் திருப்பி அனுப்ப வேண்டாம், வேற அனுப்புறேன். சட்டைக்கும் காசு போட்டுவிடுறேன்." சட்டைக் காசை அவர் வாங்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டிலிருந்து போகும் ஒவ்வொரு சேலையோடும் அம்மா கையெழுத்தில் ஒரு சீட்டு போகிறது: முதல் மூன்று தண்ணி கல்லுப்பு போட்டுத் தனியாக அலசவும், நிழலில் காய வைக்கவும்.

நடுவர் மணியில் கை வைக்கிறார், ஒரு நிமிஷம் கொடுங்கள் ஐயா.

போன வருஷம் சித்திரைத் திருவிழாவுக்கு, அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள், எங்கள் சந்துக்குள் ஓர் அம்மா விசாரித்துக்கொண்டு வந்தார். கடைசியில் வந்து சேர்ந்தது வாசலுக்குத்தானே என்று எதிரணி சொல்லும். சொல்லட்டும். பெயர்ப்பலகை இல்லாத அந்த வாசலுக்கு, திருவாரூரிலிருந்து அவரை வழி சொல்லிக் கூட்டிவந்தது எது?

"சுங்குடி அக்கா வீடு இதுதானா?" என்று அவர் கேட்டதும் அடுப்படியிலிருந்த அம்மா, முகத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே "டீச்சரா?" என்றார். குரல்தான் அடையாளம். அவர் கட்டியிருந்தது மாற்றி அனுப்பிய சேலையை இல்லை. அந்தப் பழைய அரக்கு, புள்ளியெல்லாம் லேசான ரோஜா நிறத்தில். இந்த நிறம் வேறு யாரிடமும் இல்லையே என்று பள்ளியில் கேட்கிறார்கள் என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. டீச்சரின் முந்தானையைக் கையில் எடுத்து, திண்ணை வெளிச்சத்தில் புள்ளி புள்ளியாகத் தடவிப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

நன்றி, வணக்கம்.