விலைக்குப் பக்கத்தில் கலோரி எங்கே?

வணக்கம் நேயர்களே. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பர்கர், பீட்சா கடைக்குப் போகிறவர்களோடுதான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். கவுண்டருக்கு மேலே மெனு பலகை பளிச்சென்று எரிகிறது, படம் தெரிகிறது, விலை தெரிகிறது. சரி, கலோரி எங்கே?

அது அங்கே இருந்தாக வேண்டும், சட்டமே இருக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-ல் கொண்டுவந்த விதிப்படி, மத்திய உரிமம் வாங்கிய கடைகளும் பத்து இடங்களிலோ அதற்கு மேலோ கிளை வைத்திருக்கிற கடைகளும், ஒரு தடவை பரிமாறும் அளவுக்கு எத்தனை கலோரி என்று அந்தந்தப் பண்டத்தின் பெயருக்கு எதிரேயே போட வேண்டும். 2022 ஜூலையிலிருந்து நடைமுறைக்கு வந்துவிட்டது. தெருமுனைத் தள்ளுவண்டிக்காரரிடம் இதைக் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. பெரிய கடைகளிடம் கேட்கலாம்.

அண்ணன் மகளோடு ஒரு பீட்சா கடைக்குப் போயிருந்தேன். பலகையில் எண்ணைக் காணோம். கவுண்டரில் நின்ற தம்பியிடம் கேட்டால், பாவம், அவருக்கு என்ன கேட்கிறேன் என்றே புரியவில்லை, மேலாளரைக் கூப்பிட்டார். அவர் பில் மிஷினுக்குக் கீழே கையை விட்டு, ஓரமெல்லாம் எண்ணெய் படிந்த லேமினேட் அட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். எழுத்து எறும்பு மாதிரி. அதைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படித்த பிள்ளை, "அத்தை, இது ஒரு துண்டுக்குத்தான் போட்டிருக்கு" என்றாள். முழு பீட்சாவுக்கு நாமே பெருக்கிக்கொள்ள வேண்டும். தொட்டுக்கொள்ளும் சாஸ் தனிக் கணக்கு, அட்டையின் அடியில். அந்த டிப்பில்தான் விஷயமே இருக்கிறது! கொழுப்பு ஒரு கிராமுக்கு ஒன்பது கலோரி, மாவுச்சத்து நான்குதான். மயோனைஸ் பெரும்பாலும் எண்ணெய் என்பதால் ஒரு மேசைக்கரண்டியே தொண்ணூறு கலோரியைத் தொட்டுவிடும். இதற்குள் எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டுவிட்டது. வேலை முடிந்து பசியோடு வருகிறவர் இவ்வளவு நேரம் நின்று கேட்பாரா?

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், எண் அட்டையில் இருந்தால் போதாது, நாம் எதைப் பார்த்து ஆர்டர் சொல்கிறோமோ அங்கே இருக்க வேண்டும். நியூயார்க் நகரத்தில் 2008-லேயே மெனு பலகைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இங்கேயும் விதி அதைத்தான் சொல்கிறது. சுறுசுறுப்பாக இயங்கும் பெரியவருக்கு நாளுக்குச் சராசரியாக 2,000 கலோரி தேவை என்ற வரியையும் கடையில் போட வேண்டும். அதைப் பார்த்தால்தான் 600 என்ற எண் அதிகமா குறைவா என்று விளங்கும். கேளுங்கள், தயங்காமல் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் அட்டை தானாக மேலே ஏறும்.

நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். உப்பைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன்: நாளுக்கு 5 கிராம் உப்புக்குள் இருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம், அதாவது 2,000 மில்லிகிராம் சோடியம், அட்டை கையில் கிடைத்தால் அந்தக் கட்டத்தையும் பாருங்கள். அப்புறம், செல்போன் செயலியில் ஆர்டர் போடுகிறவர்களுக்கும் இதே விதிதான். நன்றி, வணக்கம்.